குளிர்ந்த சக்கரத்தைச் சந்தேகியுங்கள்

தேசிய நெடுஞ்சாலை 49 என்று முன்பு எண்ணிடப்பட்டிருந்த சாலை கொச்சியில் புறப்பட்டு, மூணாறு வழியாக மலையேறி, போடிமெட்டில் தமிழ்நாட்டுக்குள் இறங்கும். பிறகு தேனி, மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் கடந்து, பாம்பன் கடலைத் தாண்டித் தனுஷ்கோடி மணலில் வந்து முடியும். இப்போது அது மதுரைக்கு மேற்கே 85, கிழக்கே 87 என்று இரண்டு எண்களாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் கொச்சி–தனுஷ்கோடி சாலை என்று சொன்னால் லாரி ஓட்டுகிற எவருக்கும் விளங்கும். அதன் போடி இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கிழக்கு முனையில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை, இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் மேடு பள்ளமே இல்லாத தார்ச்சாலை. அந்தக் கடைசித் துண்டு 2017 ஜூலையில்தான் திறக்கப்பட்டது.

கனரக வண்டிகளின் பிரேக் பழுதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாலை கிடையாது. பிரேக்கைக் கெடுப்பது கிழக்கு முனையில் இருக்கும் கடல். அது கெட்டுப்போயிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது மேற்கே இருக்கும் மலை. இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு ஓட்டம்தான். ராமேஸ்வரம் தீவில் பழுதான பிரேக்கோடு மாதக்கணக்கில் ஒரு லாரி ஓடலாம். சாலை மட்டம், வேகம் குறைவு, பாம்பன் சாலைப் பாலத்தின் முதுகைத் தவிர ஏற்ற இறக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. அதே லாரி மீனை ஏற்றிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும் அன்றுதான் சேமித்து வைத்த பழுது எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வருகிறது.

மலையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் கணக்காகவே பார்த்துவிடலாம். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. மூன்று அச்சு கொண்ட பத்துச் சக்கர லாரிக்கு, டாரஸ் என்று நம் ஊரில் பொதுவாகச் சொல்கிறோமே அதற்கு, 2018-ல் உயர்த்தப்பட்ட வரம்பின்படி மொத்த எடை 28.5 டன் வரை போகலாம். 28 டன் என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் அந்த லாரியை முழுதாக நிறுத்தினால் சுமார் 3.9 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. 13 லிட்டர் தண்ணீரை, நம் ஊர் வெயிலில் இருக்கும் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். 40 டன் டிரெய்லர் என்றால் 19 லிட்டர். வேகம் இரட்டிப்பானால் இந்த அளவு நான்கு மடங்காகும்.

இது ஒரே ஒரு நிறுத்தத்துக்கான கணக்கு. மலை இறக்கத்தில் கணக்கே வேறு. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் வரை செங்குத்து உயரத்தில் ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம் இருக்கிறது. 28 டன் எடை அந்த உயரத்தை இழக்கும்போது 274 மெகாஜூல் ஆற்றலை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். 60 கி.மீ. வேகத்திலிருந்து 70 முறை தொடர்ந்து நிறுத்துவதற்குச் சமம் அது. அந்த வெப்பம் முழுவதையும் ஆறு பிரேக் டிரம்களே வாங்கிக்கொண்டு, காற்று சற்றும் ஆற்றாமல் விட்டால், டிரம் ஒன்று 50 கிலோ இருந்தாலும் வார்ப்பிரும்பு உருகும் வெப்பத்தைத் தாண்டிப் போகும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. எஞ்சின் ஒரு பங்கை இழுத்துப் பிடிக்கிறது, எக்ஸாஸ்ட் பிரேக் ஒரு பங்கை ஏற்கிறது, காற்றும் டயரும் கொஞ்சம் தின்கின்றன, டிரம்மும் ஓட ஓட ஆறுகிறது. ஏறும் கியரிலேயே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வதற்கு இந்த 274 மெகாஜூலே காரணம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டுபவர், எஞ்சினின் பங்கையும் சேர்த்து டிரம்மின் தலையில் ஏற்றிவிடுகிறார்.

இப்போது அந்த ஆறில் இரண்டு பிரேக் சரியாக வேலை செய்யவில்லை என்று வையுங்கள். மீதி நான்கும் ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு வெப்பத்தை வாங்க வேண்டும். லைனிங்கில் இருக்கும் பிசின் ஓர் எல்லைக்கு மேல் சூடானால் வாயுவாகக் கசிந்து, உராய்வு குறைகிறது. மிதிக்க மிதிக்க வண்டி நிற்காமல் போவது இதனால்தான். பிறகு புகை, தீய்ந்த நாற்றம். அந்த இடத்தில் எல்லாரும் பார்ப்பது புகைகிற சக்கரத்தை. மறுநாள் பட்டறையில் கழற்றப்படுவதும் அதே சக்கரம். லைனிங் மாற்றி, டிரம்மைக் கடைசல் பிடித்து, மாட்டி அனுப்புவார்கள். அடுத்த மலையில் அதே சக்கரம் மறுபடி புகையும். ஏனென்றால் அது பழுதான சக்கரம் இல்லை. தன் வேலையோடு அடுத்த சக்கரத்தின் வேலையையும் சேர்த்துச் செய்த சக்கரம் அது.

ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று இழுக்காமல் சும்மா நடந்தால் வியர்ப்பது மற்றதுதான். வியர்க்கும் மாட்டுக்கு வைத்தியம் பார்த்து என்ன பயன்?

சும்மா நடக்கும் அந்தச் சக்கரம் ஏன் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை என்பதற்கு ஏர் பிரேக்கின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காரில் ஹைட்ராலிக் பிரேக். லைனிங் தேய்ந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ மிதிகட்டை உள்ளே போகும், கால் சொல்லிவிடும். லாரியில் கால் அழுத்துவது ஒரு வால்வை மட்டுமே. டேங்கில் இருக்கும் அழுத்தக் காற்று அந்த வால்வு வழியாக ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் சேம்பருக்குப் போகிறது. அங்கே ரப்பர் டயஃப்ரத்தைத் தள்ளி, புஷ் ராடை வெளியே நீட்டுகிறது. புஷ் ராடு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, அதோடு சேர்ந்த எஸ் கேம் சுழன்று இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மில் அழுத்துகிறது. டைப் 30 என்ற வகை சேம்பரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம் கொடுத்தால் புஷ் ராடு ஏறக்குறைய 1,350 கிலோ விசையோடு தள்ளும். நல்ல விசைதான். ஆனால் ராடு நீளும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த சேம்பரின் முழு நீட்சியே 64 மி.மீ. அளவுதான், 51 மி.மீ. தாண்டினால் பிரேக்கை டைட் வைக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. எல்லையை நெருங்க நெருங்க விசை சரிந்துவிடும். ஷூ டிரம்மைத் தொடும் முன்பே ராடு முழுதும் நீண்டுவிட்டால், டேங்கில் எவ்வளவு காற்று இருந்தும் அந்தச் சக்கரத்தில் பிரேக் இல்லை.

மலையில் இந்த எல்லை தானாகவே நெருங்கி வருகிறது. 410 மி.மீ. விட்டம் கொண்ட வார்ப்பிரும்பு டிரம் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் சுமார் 1.3 மி.மீ. விரியும். கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் கேமும் ஸ்லாக் அட்ஜஸ்டரும் சேர்ந்த நெம்புகோலில் அந்தச் சின்ன விரிவு பல மடங்காகி, புஷ் ராடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக நீள வேண்டியிருக்கும். ராமேஸ்வரத்தில் காலையில் அளந்தபோது 45 மி.மீ. காட்டி, பரவாயில்லை என்று தோன்றிய பிரேக், பாதி மலையில் காணாமல் போவது இப்படித்தான்.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்காகக் காப்புரிமை பெற்ற முதல் ஏர் பிரேக்கில், காற்றைச் செலுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. அந்த ஆபத்தை உணர்ந்து 1872-ல் அவர் முறையைத் தலைகீழாக்கினார்: காற்று குறைந்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இன்றைய லாரியில் இரண்டும் இருக்கின்றன. காலால் மிதிக்கும் பிரேக் முதல் முறையைச் சேர்ந்தது. கையால் போடும் ஸ்பிரிங் பிரேக் இரண்டாவது முறையின் கொள்கையைப் பின்பற்றுவது. காற்று இருக்கும்வரை ஒரு பெரிய ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும், காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். ஆகவே காற்றுக் கசிவு என்ற பழுது தன்னைத்தானே அறிவித்துவிடும். மீட்டர் இறங்கும், பஸ்ஸர் அலறும், கடைசியில் வண்டி நகராது. புஷ் ராடின் நீட்சி கூடிப்போனது என்ற பழுதோ எதையும் அறிவிக்காது. மீட்டரில் 8 கிலோ காற்று நிற்கும். மிதித்தால் வழக்கமான ‘புஸ்’ சத்தம் கேட்கும். காலுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. முகப்பு மீட்டர் காற்றைப் பற்றித்தான் சொல்கிறது. ஷூவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பிரேக் நன்றாக இருக்கிறது என்று நம்பி மலையிறங்கியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வண்டி அவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது.

இனி கடலுக்கு வருவோம்.

அலை உடையும்போது தண்ணீருக்குள் சிக்கிய காற்று குமிழிகளாக மேலே வந்து வெடிக்கிறது. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கையில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் தெறிக்கின்றன. காற்று அவற்றைத் தூக்கிச் செல்கிறது. தனுஷ்கோடியில் எந்தத் திசையிலிருந்து காற்றடித்தாலும் அது ஒரு கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாவின் உப்பு, வடகிழக்குக் காற்றில் பாக் நீரிணையின் உப்பு. ஆண்டு முழுதும் ஓய்வில்லை. இந்தக் கரையில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பதை விஞ்ஞானிகள் நெடுங்காலமாகவே கவனித்து வருகிறார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்துச் சோதித்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிவகைப் பூச்சும் தேவைப்பட்டதும் இந்தக் காற்றால்தான். பாலத்துக்கு அவ்வளவு பாதுகாப்பு. அதே காற்றில் இரவு பகலாக நிற்கும் லாரியின் அடிப்பாகத்துக்கு, வாங்கியபோது அடித்த கறுப்பு பெயின்ட் மட்டுமே.

சமையல் உப்பான சோடியம் குளோரைடைவிடக் கடல் உப்பு பொல்லாதது. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் போனால்தான் சோடியம் குளோரைடு நீரை இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. எனவே கடல் உப்பு படிந்த இரும்பு, வெளியே உலர்ந்ததுபோலத் தெரிந்தாலும், உண்மையில் உலர்வதே இல்லை. மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று இருபத்துநான்கு மணி நேரமும் அதன் மேல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. குளோரைடு அயனிகள் இரும்பின் மேல் உருவாகும் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன.

அமெரிக்காவின் குளிர்ப் பிரதேச லாரிக்காரர்கள் இதே பழுதை வேறு வழியில் சந்தித்தார்கள். பனிக்காலத்தில் சாலையில் பனிக்கட்டி உருக முன்பு சாதாரண உப்பைத் தூவினார்கள். பிறகு மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு கரைசல்களைத் தெளிக்கத் தொடங்கியபோது, லாரிகளின் பிரேக் ஷூவில் ஒரு புது வகைப் பழுது பரவலாகத் தெரிந்தது. லைனிங்குக்கும் அதைத் தாங்கும் ஷூவின் இரும்புத் தகட்டுக்கும் நடுவே துரு வளர்கிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் பல மடங்கு வேண்டும். அந்தத் துரு லைனிங்கைக் கீழிருந்து நெம்பித் தூக்குகிறது. ரிவிட் அடித்த இடங்களில் லைனிங் பிடித்திருக்கும், இடையில் எழும்பும், கடைசியில் விரிசல் விட்டுப் பாளமாக உடையும். தேயாமலே உடைந்துபோகும் லைனிங்! பனியே பார்க்காத ராமேஸ்வரத்து லாரிக்கு அதே மெக்னீசியம் காற்றிலேயே வருகிறது.

இந்தக் கரையில் காற்று மட்டும்தான் உப்பைக் கொண்டுவருகிறது என்றும் சொல்ல முடியாது. மீன் லாரியில் பனிக்கட்டி உருகி, மீனின் உப்புநீரோடு கலந்து, வழிநெடுகச் சாலையில் வடிகிறது. அந்த நீர் முதலில் நனைப்பது அந்த லாரியின் பின் அச்சைத்தான். தெற்கே வாலிநோக்கத்தில், 1974-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் இயங்கும் பகுதியில், சுமையே உப்பு. ஈர உப்பை ஏற்றிப் போகும் வண்டியின் சேசிஸில் எந்த மூலையைச் சுரண்டினாலும் உப்பு கிடைக்கும். அரிச்சல்முனைச் சாலை வருவதற்கு முன்பு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மணலிலும் கடல்நீரிலும் ஓடிய பழைய வேன்களின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்கு, உப்பு இரும்பை என்ன செய்யும் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

லைனிங்கோடு உப்பு நிற்பதில்லை. எஸ் கேமின் தண்டு சுழலும் புஷ்களில் கிரீஸ் கழுவப்பட்டுத் துரு ஏறினால் கேம் இறுகும். சில சமயம் பாதி திரும்பி நிற்கும்: அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. சில சமயம் திரும்பியது திரும்பி வராது: பிரேக் விடாமல் உரசிக்கொண்டே ஓடும். புஷ் ராடையும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் இணைக்கும் ஊசி துருப்பிடித்தால் தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் தன் வேலையைச் செய்யாது. சுமைக்கு ஏற்பப் பின் அச்சுக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் லோட் சென்சிங் வால்வு உள்ள வண்டிகளில், அதன் கைபோன்ற இணைப்பு காலி வண்டிக்கான நிலையிலேயே துருவேறி நின்றுவிட்டால், 28 டன் ஏற்றினாலும் வால்வு காலி வண்டிக்கான காற்றைத்தான் அனுப்பும். சுமையே பிரேக்கைக் கேட்கும் நேரத்தில் பிரேக் பாதியாகிப் போகும்.

ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் துருவில் உடைவது உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை. ஏறக்குறைய ஒரு டன் விசையோடு அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் அது. அதற்கென்று இருக்கும் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைப் பூட்டாமல் சேம்பரின் பட்டையைக் கழற்றினால், எதிரே நிற்பவரின் உயிர் போகும். துருப்பிடித்த சேம்பரில் அந்தப் போல்ட்டே சரியாகப் பிடிக்காமல் போகலாம். அப்படிப்பட்டதைத் திறந்து பார்க்க முயலவே கூடாது. முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதுதான் வழி.

பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு வெப்பமே பதில் வைத்திருக்கிறது. சூடு சரியா தவறா என்பது வண்டி எங்கே ஓடியது என்பதைப் பொறுத்தது. மட்டமான சாலையில், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவந்து நிறுத்திய பிறகு ஒரு டிரம் மட்டும் சுட்டால், சூடான அந்தச் சக்கரம்தான் பழுது. அதில் பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் போய்விட்டது. ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரை ஓட்டியதும் செய்ய வேண்டிய சோதனை இது. மலை இறங்கிய பிறகோ, பலமுறை பிரேக் மிதித்து நிறுத்திய பிறகோ பார்த்தால் நியாயம் நேர்மாறாகிறது. எல்லாம் சூடாக இருக்க, எது குளிர்ந்திருக்கிறதோ அதுதான் பழுது. ஒரே அச்சில் இடது டிரம் 180 டிகிரியும் வலது 70 டிகிரியும் காட்டினால், கழற்ற வேண்டியது வலது.

கையை வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். தொடாமலே வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பளபளக்கும் உலோகத்தில் அது வெப்பத்தைக் குறைத்துக் காட்டும். கரடுமுரடான துருப்பிடித்த பரப்பில் ஏறக்குறைய சரியாகக் காட்டும். கடற்கரை லாரிகளின் டிரம்முக்கு அந்தக் குறை இருக்காது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரே இடத்தில், வண்டி நின்ற சில நிமிடங்களுக்குள் அளக்க வேண்டும். ஆறு எண்களையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் இரண்டு மூன்று பயணத்தில் எந்தச் சக்கரம் சும்மா ஓடுகிறது என்பது எழுத்தில் வந்துவிடும்.

டிரெய்லரில் இதே தத்துவம் இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. முன்னால் இழுக்கும் வண்டியும் பின்னால் வரும் டிரெய்லரும் தனித்தனிப் பிரேக் கொண்டவை. நடுவே இரண்டு காற்றுக் குழாய்கள்: சிவப்பு டேங்கை நிரப்புவது, மஞ்சள் மிதியின் கட்டளையைச் சுமந்து போவது. காற்றுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க நேரம் வேண்டும். அரை விநாடி தாமதித்தால் 60 கி.மீ. வேகத்தில் வண்டி 8 மீட்டர் போய்விடும். குழாயின் இணைப்பு ரப்பர் தேய்ந்து கசிந்தாலோ, டிரெய்லரின் ரிலே வால்வுக்குள் துரு படிந்தாலோ, டிரெய்லர் பிந்திப் பிடிக்கும், அல்லது குறைவாகப் பிடிக்கும். ‘பின்னாலிருந்து தள்ளுது’ என்று ஓட்டுநர் சொன்னால் அதற்கு இதுதான் பொருள். அப்போது மொத்தச் சுமையையும் முன் வண்டியின் பிரேக் தாங்குகிறது. அதன் லைனிங் சீக்கிரம் தேயும். ஓனர் லைனிங்கின் தரத்தைக் குறைசொல்லிக் கம்பெனியை மாற்றுவார். டிரெய்லரின் லைனிங் மட்டும் வருடக்கணக்கில் புதிதுபோலவே இருக்கும். அதைப் பார்த்து மகிழ்வதும் உண்டு. தேயாத லைனிங் வேலை செய்யாத லைனிங்காக இருக்கலாம் என்ற சந்தேகம் அங்கேதான் வர வேண்டும். ஈரச் சாலையில் இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் இறுகிப்போனால், தள்ளும் டிரெய்லர் முன்வண்டியைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். சுமை ஏற்றிய டிரெய்லர் மடங்குவதைத் திருத்த எந்த ஓட்டுநராலும் முடியாது. புதிய கனரக வண்டிகளுக்கு 2015 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஏ.பி.எஸ். சக்கரம் இறுகுவதைத் தடுக்கும். பிடிக்காத பிரேக்கைப் பிடிக்க வைக்க அதனால் ஆகாது.

தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ராடு அதிகம் நீள்கிறது என்று தெரிந்ததும் ஸ்பானரால் ஒரு திருகு திருகி டைட் வைத்துவிடுவது வழக்கம். கையால் திருக வேண்டிய பழைய வகையில் அது சரி. தானியங்கி வகையில் அது பழுதை மூடி மறைப்பது. தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய பொருள் சரிசெய்யவில்லை என்றால், கேம் புஷ்ஷோ, இணைப்பு ஊசியோ, அட்ஜஸ்டரோ கெட்டிருக்கிறது. திருகிவிட்டால் ஒரு வாரம் ஓடும், பிறகு அதே நிலை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் கிளென் ராக் என்ற ஊரில் 2003-ல் ஒரு டிப்பர் லாரி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடிய விபத்தை விசாரித்த அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் திருகும் இந்தப் பழக்கத்தையே ஆபத்தானது என்று எச்சரித்தது. நம் பட்டறைகளில் அந்த எச்சரிக்கை இன்னும் போதுமான அளவு எட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

காற்றின் பக்கத்திலும் கடற்கரைக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி இருக்கும். கம்ப்ரஸர் அந்தக் காற்றை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கி, அது மறுபடி ஆறியதும், 3 கிராமுக்குச் சற்று மேல்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராகி டேங்கில் விழும். ஏர் டிரையர் இதை உறிஞ்ச வேண்டும். அதன் கேட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் உறிஞ்சாது. டேங்கின் அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறக்கும்போது தெளிந்த தண்ணீர் கொட்டினால் டிரையர் போய்விட்டது. எண்ணெய் கலந்து பால்போல வந்தால் கம்ப்ரஸரும் தேய்கிறது. அந்தத் தண்ணீர் வால்வுகளின் உள்ளே துருவையும் பிசுக்கையும் சேர்த்து, காற்றை மேலும் தாமதமாக்கும்.

கசிவைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். மட்டமான இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்று முழுதும் ஏறிய பிறகு எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, மிதியை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். மீட்டர் கால் கிலோவுக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. அதே சமயம் கிளீனர் கீழே போய் ஒவ்வொரு புஷ் ராடும் எவ்வளவு நீள்கிறது என்று சாக்பீஸால் குறித்து அளக்கலாம். ஒருவர் மிதிக்க, ஒருவர் அளக்க, கால் மணி நேரத்தில் வண்டி முழுதும் முடிந்துவிடும். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் நீள வேண்டும். ஒரு பக்கம் நீளாமலே நின்றால் கேம் இறுகியிருக்கிறது. ஒரு பக்கம் அதிகம் நீண்டால் அந்தப் பக்கத்து பிரேக் மலையில் உதவாது. தகுதிச் சான்றுக்குப் போகும் இடத்தில் ரோலர் பிரேக் சோதனைக் கருவி இருந்தால், ஒவ்வொரு அச்சிலும் இடம் வலம் எவ்வளவு விசை என்று கேட்டு வாங்குங்கள். தேர்ச்சி என்ற முத்திரையோடு திருப்தி அடையாதீர்கள்.

உப்பைக் கழுவுவதற்கு நல்ல தண்ணீரைவிட மேலான மருந்து இல்லை. ராமேஸ்வரத்தில் நல்ல தண்ணீர் எளிதில் கிடைக்கிற பொருள் இல்லை என்பதும் தெரிந்ததே. பாம்பன் தாண்டி ராமநாதபுரம் பக்கம் வந்ததும், சக்கரத்தின் உள்பக்கமும் சேம்பரும் கேம் தண்டும் நனையும்படி கீழிருந்து கழுவ வேண்டும். டிரம் ஆறிய பிறகு கழுவ வேண்டும், சூட்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கும். கழுவியதும் கேம் புஷ்களில் கிரீஸ் ஏற்ற வேண்டும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை.

கிழக்குக் கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் ராமேஸ்வரம் கரையில் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, பழுது பார்த்து, பெயின்ட் அடிக்கிறார்கள். அந்தப் படகு கொண்டுவந்த மீனை மலைக்கு அப்பால் கொண்டுபோன லாரிக்கும் அதே நாட்களில் வேலை குறைவு. லாரி ஓனர்களே, இந்தத் தடைக்காலத்தில் ஆறு டிரம்களையும் கழற்றுங்கள். லைனிங்குக்கு அடியில் துரு எழும்பியிருக்கிறதா என்று விளிம்பில் பாருங்கள். எழும்பியிருந்தால் தடிமன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றுங்கள். புகைந்த சக்கரத்தோடு நிறுத்தாமல், போன பயணத்தில் குளிர்ந்து கிடந்த சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்.